எளியோர் இல்லம் புதுக்கிய ஆக்டேவியா ஹில் அம்மையார்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்களின் அடிப்படைத் தேவைகள். இவற்றுள் முதலிரண்டையும் ஈவோர் எக்காலத்தும் எந்நாட்டிலும் உளர். உறையுள் ஈதல் அத்துணை எளிதன்று. பசித்தவனுக்கு இட்ட சோறு அன்றே பயன் தந்துவிடும். வீடோ ஆண்டுக்கணக்கில் பேணப்பட வேண்டுவது. கூரை ஒழுகும், சாக்கடை அடைபடும், வாடகை நிலுவையாகும், அண்டை அயலாரிடையே பூசல் மூளும். ஆகவே, ஏழைக்கு வீடு அமைத்துத் தருவது ஒருநாள் கொடையாக முடிந்துவிடுவதில்லை. அது நெடுநாள் உறவாகவே நிலைக்க வேண்டும். இந்த உண்மையைத் தம் இளமையிலேயே கண்டறிந்து, நாற்பத்தேழு ஆண்டுகள் அதனைச் செயலில் காட்டியவர் இங்கிலாந்து நாட்டின் ஆக்டேவியா ஹில் அம்மையார். ஊதியம் கருதாத் தொண்டர்களைத் திரட்டி, இடிபாடுற்ற வீடுகளைப் புதுக்கி, உழைக்கும் ஏழையர் கொடுக்கக்கூடிய வாடகையில் அவர்களைக் குடியமர்த்திய முன்னோடி அவர்.

பிறப்பும் இளமையும்

ஆக்டேவியா 1838ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், கேம்பிரிட்ஜ் மாவட்டத்தைச் சேர்ந்த விஸ்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹில் தானிய வணிகர். வங்கித் தொழிலும் நடத்தியவர். கூட்டுறவு இயக்கத்தின் தந்தையாகிய இராபர்ட் ஓவனின் கொள்கைகளில் ஈடுபட்டுத் தம் ஊரில் குழந்தைகளுக்கெனப் பள்ளி ஒன்று கண்டவர். தாய் கேரலைன் கல்விச் சிந்தனையாளர். அவ்வில்லத்தில் எட்டாவது மகளாகப் பிறந்தமையின், எட்டு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாகக் குழந்தைக்குப் பெயரிட்டனர்.

இவ்வளம் நீடிக்கவில்லை. 1840இல் தந்தை கடன்பட்டு நொடித்தார். அந்த அதிர்ச்சி அவருடைய மனநிலையையும் குலைத்தது. குடும்பம் சிதறியது. தாயையும் பெண்மக்களையும் தாங்கியவர் தாய்வழிப் பாட்டனார் மருத்துவர் சவுத்வுட் ஸ்மித். இலண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், நோய்க்கு ஊற்றுக்கண் ஏழையர் வாழும் காற்றோட்டமற்ற அறைகளும் தேங்கிய சாக்கடைகளுமே என்பதை அரசுக்கு அறிக்கைகள் வாயிலாக எடுத்துரைத்தவர். பாட்டனாரின் அறிக்கைகளும் தாயின் கல்விக் கொள்கையும் வீட்டின் வறுமையும் ஆக்டேவியாவுக்கு அமைந்த மூன்று பள்ளிகள் எனலாம்.

1852இல் தாயார் இலண்டனில் பெண்களின் கூட்டுறவுக் கைத்தொழில் நிலையம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே பொம்மைகள் செய்யும் ஏழைச் சிறுமியரை மேற்பார்க்கும் பணி பதினான்கு வயதினராகிய ஆக்டேவியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சிறுமியர் செய்தவை பொம்மை வீடுகளுக்கான சின்னஞ்சிறு மேசைகளும் நாற்காலிகளும். குடியிருக்க ஒழுங்கான அறை ஒன்றும் இல்லாத குழந்தைகளின் விரல்கள், செல்வர் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவதற்காக வீட்டுப் பொருள்களைச் செய்துகொண்டிருந்தன. வேலைக்கு வாராத சிறுமியரைத் தேடி அவர்தம் இருப்பிடங்களுக்குச் செல்வது ஆக்டேவியாவின் வழக்கம். தலைநகரின் இருண்ட அறைகளை அவர் முதன்முதலாகக் கண்டது இவ்வாறே. ஒரு மாந்தரை அறிய வேண்டுமாயின் அவர் வாழும் வீட்டின் வாயிலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அன்று அவருள் வேரூன்றியது.

ரஸ்கின் தொடர்பு

கைத்தொழில் நிலையத்திற்கு 1853இல் வருகை தந்தோருள் ஒருவர் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின். ஆக்டேவியாவின் வண்ணம் தீட்டும் திறன் அவரைக் கவர்ந்தது. பண்டைய ஓவியங்களைப் படியெடுக்கும் பணியில் அவரைப் பயிற்றினார். டல்விச் ஓவியக்கூடத்திலும் தேசிய ஓவியக்கூடத்திலும் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் படியெடுத்துப் பழகியவர் ஆக்டேவியா. அப்பணி அவருக்குச் சிறு வருவாயை மட்டும் தரவில்லை; அழகு மனித உயிருக்கு இன்றியமையாதது, செல்வர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று என்னும் உறுதியையும் தந்தது. பிற்காலத்தில் அவர் ஆற்றிய பணிகள் அனைத்திற்கும் இவ்வுறுதியே அடிப்படையாயிற்று.

1862இல் தாயும் சகோதரியருமாகச் சேர்ந்து இலண்டன் நாட்டிங்ஹாம் பிளேசில் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதே ஆண்டில்தான் ரஸ்கினின் கடையனுக்கும் கதிமோட்சம் என்னும் கருத்தமைந்த பொருளியற் கட்டுரைகள் நூலாக வெளிவந்தன. 1904இல் தென்னாப்பிரிக்க இரயில் பயணத்தில் காந்தியடிகள் படித்துத் தம் வாழ்வை மாற்றிக்கொண்ட நூல் அதுவே. அந்நூலாசிரியரின் கருத்துகள் இந்தியாவை எட்டுவதற்கு நெடுநாள் முன்னரே, இலண்டனின் ஒரு சந்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக உருப்பெற்றன. அதற்குக் கருவியாய் அமைந்தவர் ஆக்டேவியா.

பேரடைஸ் பிளேஸ்

ஏழையர்க்கு நல்ல வீடு வேண்டும் என்னும் வேட்கையுடன் ஆக்டேவியா இலண்டனில் அலைந்து திரிந்தார். ஏழையர்க்கென்று அறிந்ததும் உரிமையாளர்கள் வீடு தர மறுத்தனர். 1864இல் ரஸ்கினின் தந்தை இறந்து, பெருஞ்செல்வம் மகனுக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பகுதியை ஆக்டேவியாவின் திட்டத்திற்கு அவர் அளித்தார். 1865இல் மேரில்போன் பகுதியில் மூன்று வீடுகள், 56 ஆண்டுக் குத்தகை உரிமையுடன், 750 பவுனுக்கு வாங்கப்பட்டன.

அச்சந்தின் பெயர் பேரடைஸ் பிளேஸ்; சொர்க்கம் என்பது அதன் பொருள். பெயருக்கும் நிலைக்கும் சிறிதும் பொருத்தமில்லை. சுவரின் காரை உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. கூரை வழியே ஒழுகும் மழைநீரை ஏந்த மாடிப்படியில் ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. படிக்கட்டுகளில் பகலிலும் இருள். அவற்றின் கைப்பிடிக் கட்டைகளைக் குடியிருந்தோரே குளிர்காய விறகாக எரித்துவிட்டனர். துணி துவைக்கும் கூடத்தில் உரிமையாளரின் தட்டுமுட்டுப் பொருள்களைப் போட்டுப் பூட்டியிருந்தமையால், சமைத்து உண்டு உறங்கும் ஒரே அறையில்தான் துணியும் துவைக்க வேண்டியிருந்தது. மூன்று வீட்டாருக்கும் பொதுவாய் ஓர் அழுக்குப் பீப்பாய், அதுவும் கசிவது. தண்ணீர் வரும் வேளையில் பிடித்து வைக்க ஏனம் இல்லாதவர்க்கு அன்று தண்ணீர் இல்லை. சன்னல்களில் உடைந்த கண்ணாடிகளுக்கு மாற்றாகக் கந்தலும் தாளும் அடைக்கப்பட்டிருந்தன.

புதுக்கும் முறை

முன்பணம் தந்த ரஸ்கின் ஒரு கருத்தை வலியுறுத்தினார். இம்முயற்சி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய் ஈட்டுதல் வேண்டும். ஈட்டினால் அதைக் கண்டு ஏனைய செல்வரும் முன்வருவர் என்பது அவர் எண்ணம். ஆக்டேவியாவும் இதனை முழுமனத்துடன் ஏற்றார். இலவசம் என்பது பெறுபவரைத் தாழ்த்தும் என்றும், உரிய வாடகையைக் கொடுத்துக் குடியிருப்பவரே தலைநிமிர்ந்து வாழ்வர் என்றும் அவர் நம்பினார்.

அவர் முதலில் செய்தவை எல்லார்க்கும் பொதுவானவை. சாக்கடையைச் சீர்ப்படுத்தினார், தூய நீருக்கு வழி செய்தார், துவைக்கும் கூடத்தைத் திறந்துவிட்டார், பின்முற்றத்திற்குத் தளமிட்டார், குவிந்த குப்பையை அகற்றினார். அறைகளை மட்டும் ஒரே நாளில் புதுப்பிக்கவில்லை. வாடகை தர மறுத்தவரும் அண்டை வீட்டாருக்குத் தீங்காய் வாழ்ந்தவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு காலியான அறையைத் தூய்மை செய்து வெள்ளையடித்து, தம் அறையைப் பேணத் தொடங்கிய ஒரு குடும்பத்தை அங்கே மாற்றினார். அவர்கள் விட்டுவந்த அறை அடுத்துப் புதுக்கப்பட்டது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக எல்லா அறைகளும் ஒளி பெற்றன. ஓர் அறையில் நெருக்குண்டு வாழ்ந்த குடும்பங்களுக்குச் சற்றே கூடுதலான வாடகையில் இரண்டு அறைகள் கிடைத்தன.

பழுதுபார்க்கும் செலவுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. அதில் மிச்சப்படும் பணம், குடியிருப்போர் தாமே விரும்பிக் கேட்கும் வசதிகளுக்குச் செலவிடப்பட்டது. சன்னலை உடைத்தால் மிச்சம் குறையும். காத்தால் வேறொரு வசதி வந்து சேரும். காவலாள் எவரும் இன்றியே வீடு காக்கப்பட்டது. வேலை கிட்டாத பருவத்தில் அங்குக் குடியிருந்த ஆடவருக்கே பழுதுபார்க்கும் வேலைகள் தரப்பட்டன. வளர்ந்த பெண்பிள்ளைகள் கூலி பெற்று நடைவழிகளைத் துடைத்தனர். சிறுசேமிப்பும் தொடங்கப்பட்டது. வீட்டைப் புதுக்கியவர்களுள் வீட்டில் வாழ்ந்தவர்களும் இருந்தனர் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.

1866இல் ரஸ்கின் பிரெஷ்வாட்டர் பிளேசிலும் வீடுகளை வாங்கித் தந்தார். அவற்றை ஒட்டிய வெற்றிடத்தில் ஆக்டேவியா குழந்தைகளுக்கு விளையாட்டுத்திடல் அமைத்தார், மரம் நட்டார்.

தொண்டர் திருக்கூட்டம்

வீடுகள் பெருகப் பெருக, ஒருவர் கை போதவில்லை. ஆக்டேவியா பெண் தொண்டர்களைத் திரட்டினார். வசதியுள்ள குடும்பங்களைச் சார்ந்த பெண்கள் வாரந்தோறும் வாடகை பெறச் சென்றனர். அப்பெண்களுக்கு அக்காலத்தில் வீட்டைக் கடந்து பொதுப்பணி என ஒன்று அரிதாகவே வாய்த்தது. அவர்கள் இரக்கவுணர்வை மட்டும் கொண்டுசென்றால் போதாது என்பது ஆக்டேவியாவின் விதி. கணக்கேட்டில் ஒரு பென்னியும் பிழையாதல் கூடாது. சாக்கடைக் குழாய் எங்கே அடைபட்டுள்ளது, புகைபோக்கியின் கோளாறு யாது, குத்தகைச் சட்டம் என்ன சொல்கிறது ஆகிய அனைத்தையும் தொண்டர்கள் கற்றாக வேண்டும். குடியிருப்போரின் வாயிலில் நிற்கும்போது அது அவர்தம் வீடு என்னும் மதிப்புடன் அனுமதி பெற்றே உள்ளே நுழைய வேண்டும். வாடகை பெறுதல் என்பது வாரம் ஒருமுறை ஒரு குடும்பத்தைச் சந்திக்கக் கிடைத்த நல்வாய்ப்பாகக் கருதப்பட்டது.

1874ஆம் ஆண்டளவில் பதினைந்து குடியிருப்புகளில் ஏறத்தாழ 3,000 பேர் இவர்தம் பொறுப்பில் வாழ்ந்தனர். 1872 முதல் 1911 வரை, ஆண்டுக்கொரு மடலாகத் தம் தொண்டர்களுக்கு ஆக்டேவியா எழுதிய கடிதங்கள் கணக்கும் கருத்தும் இணைந்த அரிய உரைநடைச் செல்வம். 1875இல் இலண்டன் ஏழையரின் இல்லங்கள் பற்றிய அவர்தம் கட்டுரைகள் நூல்வடிவம் பெற்றன. அவ்வாண்டு இயற்றப்பெற்ற தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்திற்கு அவர் காட்டிய வழியும் துணைநின்றது. விக்டோரியா அரசியாரின் மகள் ஆலிஸ் இளவரசியார் அந்நூல் செருமானிய மொழியில் வெளிவர வழிசெய்தார்.

முறிவும் மீட்சியும்

1877ஆம் ஆண்டு அம்மையாரின் வாழ்வில் கடுமையான சோதனைக் காலம். அளவிறந்த உழைப்பு உடலை வருத்தியிருந்தது. எட்வர்டு பாண்ட் என்பவருடன் முடிவான திருமண ஒப்பந்தம் சில நாள்களிலேயே கலைந்தது. அதனினும் பெரிய புண் ஆசிரியரிடமிருந்து வந்தது. ரஸ்கின் தோற்றுவித்த சங்கம் ஒன்றை நடைமுறையில் நடத்தும் ஆற்றல் அவருக்கு உண்டா என்னும் ஐயத்தை ஆக்டேவியா ஒருவரிடம் தெரிவித்திருந்தார். செவிக்கெட்டிய அச்செய்தியால் வெகுண்ட ரஸ்கின், இருவரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தைத் தம் இதழிலேயே அச்சிட்டு வெளியிட்டார். கால் நூற்றாண்டு உறவு பொதுமக்கள் கண்முன் முறிந்தது.

ஆக்டேவியா நோயுற்று வீழ்ந்தார். மருத்துவர் அறிவுரைப்படி வேலையனைத்தையும் விட்டு ஐரோப்பிய நாடுகளில் நெடும்பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தில் துணையாய் வந்த ஹேரியட் யார்க் என்னும் பெண்மணி அவர்தம் இறுதிநாள் வரை உற்ற தோழியாய் விளங்கினார். ஆக்டேவியா இல்லாத காலத்தில் இலண்டனில் எவ்வீடும் கைவிடப்படவில்லை. தொண்டர்கள் அவரவர் பொறுப்பைத் தாமே தாங்கி நடத்தினர். திரும்பி வந்து இதனைக் கண்ட அம்மையார், அதன்பின் பொறுப்புகளைப் பிறரிடம் பகிர்ந்தளிப்பதையே தம் முறையாகக் கொண்டார்.

1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துகளை ஆளும் ஆணையர்கள், டெட்போர்டு, சவுத்வார்க் பகுதிகளிலிருந்த தம் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டு ஏழையர் குடியிருப்பை ஆராய அமைக்கப்பட்ட அரசு ஆணையத்தில் அவரை உறுப்பினராக்கும் முயற்சி, அவர் பெண் என்பதால் கைகூடவில்லை. சான்றளிக்க மட்டுமே அழைக்கப்பட்டார்.

அழகும் ஏழையரும்

வீடு என்பது நான்கு சுவர்களுடன் முடிவதில்லை என்பது ஆக்டேவியாவின் கொள்கை. ஒற்றை அறையில் வாழ்வோர்க்கு வானமே கூரையாய் அமைந்த ஒரு கூடம் அருகில் வேண்டும் என்றார். சவுத்வார்க்கில் தீக்கிரையான தாள் தொழிற்சாலை ஒன்று நின்ற மனையில், எரிந்த தாட்குவியலை அகற்றி, 1887இல் செஞ்சிலுவைத் தோட்டத்தை உருவாக்கினார். அதன் ஓரத்தில் கட்டடக் கலைஞர் எலைஜா ஹூல் வரைந்த சிறுவீடுகள் எழுந்தன. அருகே அமைந்த மன்றத்தின் சுவருக்கு ஓவியர் வால்டர் கிரேன் சித்திரங்கள் வகுத்தார். அரசரும் படைத்தலைவரும் அவற்றில் இடம்பெறவில்லை. எரியும் வீட்டிலிருந்து குழந்தைகளைக் காத்து உயிர்நீத்த ஆலிஸ் அயர்ஸ் என்னும் அவ்வூர் ஏழைப் பெண் போன்றோரின் அருஞ்செயல்களே அங்குத் தீட்டுதற்குரிய பொருளாயின.

நகர வளர்ச்சியில் புல்வெளிகள் மறைவதைத் தடுக்க அவர் பாடுபட்டார். சுவிஸ் காட்டேஜ் வயல்களைக் காக்கும் முயற்சி 1875இல் தோற்றது. பின்னர் எடுத்த பார்லிமென்ட் ஹில் முயற்சி வென்றது. 1895இல் இராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் இணைந்து, இயற்கை எழிலிடங்களையும் பழங்கட்டடங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். மறு ஆண்டில் அவ்வமைப்பு வாங்கிய முதற் கட்டடம், ஆல்பிரிஸ்டன் என்னும் ஊரில் பாழடைந்து நின்ற பதினான்காம் நூற்றாண்டு வீடு. அதன் விலை 10 பவுன். பழைய வீட்டை இடித்தொழிக்காது புதுக்கிக் காக்கும் கலையைச் சந்துகளில் பயின்ற கைகளே இங்கும் முன்னின்றன.

ஏற்க மறுத்தவை

பெருமக்கள் வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுத்தல் முறையாகாது. காலத்தின் போக்கோடு ஆக்டேவியா முரண்பட்ட இடங்கள் பல. 1889இல் தோன்றிய இலண்டன் மாநகர் மன்றம் தானே ஏழையர்க்கு வீடு கட்ட முற்பட்டபோது அவர் எதிர்த்தார். பொதுப்பணத்தால் குறைக்கப்பட்ட வாடகை உழைப்பவரின் கூலியையே குறைத்துவிடும் என்றும், வாக்கு வேண்டி நிற்பவர் நல்ல வீட்டுக்காரராக இயலாது என்றும் அவர் அஞ்சினார். 1908இல் சட்டமான முதியோர் ஓய்வூதியத்தையும் அவர் விரும்பவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என 1910இல் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். எத்தனையோ பெண்களைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்தவரே இதனை எழுதினார் என்பது வியப்பும் வருத்தமும் தருவது. புதிதாய்க் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் குழாய் வேண்டியதில்லை, மாடிக்கு ஒன்று போதும் என்ற அவர் கருத்தும் கடிந்துரைக்கப்பட்டது. கட்டுமானச் செலவு குறைந்தாலன்றி மிகவும் ஏழையானவர் வாடகை தர இயலாது என்பதே அவர் கொண்ட காரணம். ஆயினும், எளியோர் குறைந்ததைக் கொண்டு நிறைவடைய வேண்டும் என்பது போல் அது ஒலித்தது. வாடகை தராதவரை வெளியேற்றிய கண்டிப்பும் அத்தகையதே. வெளியேற்றப்பட்டோர் எங்குச் சென்றனர் என்னும் வினாவிற்கு அவர் முறையில் விடையில்லை.

இம்முரண்பாடுகள் அனைத்திற்கும் வேர் ஒன்றே. ஒருவரை ஒருவர் முகமறிந்து பழகும் உறவாலன்றி எந்நன்மையும் நிலைக்காது என்பது அவர் கண்ட மெய். அந்த மெய்யே அவர் வலிமை, எல்லையும் அதுவே. இலண்டனின் ஏழையரோ இலட்சக்கணக்கினர். வாயில்தோறும் சென்று உறவாடும் தொண்டர் அத்தனை பேரையும் எட்ட இயலாது. அரசு என்னும் முகமற்ற பெருங்கையும் தேவைப்பட்டது. அதனை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

நிறைவு

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், தம் 73ஆம் அகவையில், ஆக்டேவியா ஹில் இலண்டனில் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் பெருமை முன்வந்தபோது குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. கென்ட் மாவட்டத்துக் கிராக்கம் ஹில் சிற்றூரில், உடன்பிறந்த மிராண்டாவின் அருகே அவர் துயில்கின்றார்.

அவர் மறைந்து ஏழாண்டுகளில், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இங்கிலாந்து அரசு பெருந்தொகையாக வீடு கட்டத் தொடங்கியது. அவ்வாறு ஊராட்சிகளும் நகராட்சிகளும் கட்டிய வீடுகளைப் பேணும் பணியில் ஆக்டேவியாவின் முறையில் பயின்ற பெண்கள் அமர்ந்தனர். அத்தகையோர் 1916இலேயே தமக்கெனச் சங்கம் கண்டிருந்தனர். அம்மையார் எதிர்த்த அரசு வீடுகளின் வாயில்களிலும் அவர் கற்பித்த கணக்கேடும் கனிவும் சென்று நின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1896இலேயே அவர் பெயரால் வீட்டுச் சங்கம் தோன்றியிருந்தது.

இது நிகழும் என்பதை அவரும் ஒருவாறு உணர்ந்தேயிருந்தார். 1898இல் நண்பர்கள் ஓவியர் சார்ஜெண்டைக் கொண்டு அவர் உருவத்தைத் தீட்டுவித்துப் பரிசளித்தனர். அவ்விழாவில் ஏற்புரை நிகழ்த்தியபோது, தாம் மறைந்தபின் தம் முறையைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம் என அவர் கேட்டுக்கொண்டார். காலம் மாறினால் தேவையும் மாறும்; பழைய அடிச்சுவட்டைக் காட்டிலும், புதியதைக் காணும் கண்ணும் அதற்கென உழைக்கும் நெஞ்சுமே தேவை என்பது அவ்வுரையின் கருத்து. பல செய்திகளில் பிடிவாதமாய் நின்ற ஒருவர், தம்மைக் கடந்து செல்லும் உரிமையை வழிவருவோர்க்கு மனமுவந்து வழங்கிச் சென்றார்.

சவுத்வார்க்கில் அவர் அமைத்த தோட்டம் 2006இல் மீண்டும் பழைய எழிலுக்குப் புதுக்கப்பட்டது. தாட்சாம்பல் படிந்த மனையில் பூத்த அந்தப் பூக்கள் இன்றும் அக்கம்பக்கத்துக் குடிமக்களுக்குப் பொதுவாய் மலர்ந்து நிற்கின்றன.